வெள்ளை பூத்த பேனா

பேனாக்காரி என்றால் அந்தத் தெருவில் அக்கா தங்கை இரண்டு பேரில் பெரியவளைத்தான் குறிக்கும். பேனா விற்கிறவள் இல்லை, பேனா கடைகிறவள். மரத்துண்டில் நெட்டாகத் துளை போட்டு, உள்ளே பித்தளைக் குழாயைச் செருகி, லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, உளியை வாகாகக் கொடுத்துக் கொடுத்து விரல் பருமனுக்குக் கொண்டுவருவாள். அப்புறம் மூடி, முனை, கிளிப் எல்லாம் பொருத்தினால் எழுதுகிற பேனா. அவளுக்கு எழுத்து அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பெயர் படிக்கத் தெரியும். பேனாவைப் பற்றி மட்டும் பேனாவுக்கே தெரியாதது தெரியும்.

அவள் அப்பா நாற்காலிக் கால் கடைந்தவர். பட்டறை அவருக்குச் சொந்தமில்லை, பெரியம்மா மகனுடையது. பெரியம்மா என்றாலும் அம்மாவின் கூடப்பிறந்தவள் இல்லை. அம்மாவின் சித்தப்பா மகள். தூரத்து உறவுதான், ஆனால் முறை விட்டுப்போகவில்லை. அண்ணன் என்றுதான் பெண்கள் இரண்டு பேரும் கூப்பிட்டார்கள். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது அவர் நின்ற இடத்தில் பெரியவள் போய் நின்றாள். பொம்பளை கடைந்த காலில் நாற்காலி ஆடும் என்று ஒரு வாடிக்கைக்காரர் சொன்னாராம். நாற்காலி இன்றைக்கும் ஆடாமல் நிற்கிறது. அவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கால் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை அடுப்புக்குத்தான் போடுவார்கள். பெரியவள் அதை மடியில் கட்டி எடுத்து வருவாள். பழைய லேத் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது, வாசல் அறையில் போட்டார்கள். பெரியவள் கடைந்தாள், சின்னவள் மெருகு போட்டாள். எதிரெதிரே இரண்டு முக்காலி. ஒருத்தி கையிலிருந்து மரம் கிளம்பினால் அடுத்தவள் கையில் பேனாவாகப் போய் உட்காரும். அப்பா போனார், அம்மா போனாள், முக்காலிகள் இடம் மாறவில்லை.

பெரியவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பார்த்தார்கள். கை காய்த்துப் போயிருந்தது. எழுந்து போனார்கள். மூத்தவள் நிற்கும்போது நான் எப்படித் தாண்டிப் போவேன் என்று சின்னவளும் நின்றாள். நின்றவர்கள் நின்றபடியே இருக்க, தலைதான் நரைத்தது.

செய்த பேனாக்களைக் காகிதக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது சின்னவள் வேலை. பெரியவளுக்கு லேத்தை விட்டு எழுந்திருக்கப் பிடிக்காது, 'நீயே போடி' என்று தள்ளிவிடுவாள். கடைக்காரருக்கு அவசரம் என்று பட்டப்பெயர். நாளைக்கு வேண்டியதை நேற்றே கேட்பவர். அந்தக் கடைக்கு ரீஃபில் வாங்க ஒரு பஸ் கண்டக்டர் வருவார், பெண்சாதி இல்லாதவர். வாரம் ஒரு ரீஃபில் என்று வாங்க ஆரம்பித்தார். அவ்வளவு எழுதுகிற கண்டக்டர் உலகத்தில் இல்லை என்பது அவசரத்துக்கே புரிந்துவிட்டது. பெரியவளுக்கு மட்டும் கடைசியில்தான் தெரிந்தது. 'நானே அனுப்பி வெச்சிருக்கேன் பாரு' என்று சொல்லிக்கொண்டாள், சிரிக்கிற மாதிரி.

பெண் கேட்க வந்த கண்டக்டர் பெரியவளை அக்கா என்றார்.

"அக்காவா? என்னைவிட நாலு வயசு பெரியவரா இருப்பீங்க போலிருக்கே."

"முறைக்கு வயசு கிடையாதுக்கா. அவளுக்கு அக்கான்னா எனக்கும் அக்காதான்."

"அப்ப சரி. தம்பி உக்காருங்க."

நரைத்த தம்பி உட்கார்ந்தார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்தோடு கல்யாணம் முடிந்தது. சாட்சிக் கையெழுத்தைப் பெரியவள் போட்டாள்.

அவருக்கு வேலை அடுத்த ஊர் டிப்போவில், வீடும் அங்கேதான். புறப்படுகிற அன்று சின்னவள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு முக்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, மெருகு போடறத ஒரு தரம் கூட இருந்து பாத்துக்கோயேன்."

"இத்தன வருஷம் எதிர்லதானடி உக்காந்திருந்தேன். நான் பாக்காததா?"

"பாக்கறது வேற, கை வேற."

"போடி. பெரிய தேவரகசியம். பஸ்ஸுக்கு நேரமாகுது, கண்டக்டர் பொண்டாட்டி பஸ்ஸ விட்டான்னு சிரிக்கப் போறாங்க."

சின்னவள் போய்விட்டாள்.

இவர்கள் போட்ட மெருகு வார்னிஷும் இல்லை, அரக்கும் இல்லை. ஒரு சொட்டு விட்டால் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்குமே, அந்த நொடிப் பசைதான். மரம் லேத்தில் சுற்றும்போது காகித மடிப்பில் இரண்டு சொட்டு விட்டு, தொட்டும் தொடாமலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுக்க வேண்டும். காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு, அப்புறம் இன்னொன்று. பிறகு உப்புத்தாளில் மழமழவென்று தேய்த்து மெழுகு காட்டினால், மரத்துக்கு மேலே கண்ணாடி போர்த்தியது போல இருக்கும். ரேகை ஒவ்வொன்றும் உள்ளே தண்ணீரில் கிடப்பது போலத் தெரியும். பெரியவளும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தாள், நன்றாகவே வந்தது. இதற்கா அவள் அவ்வளவு பீற்றிக்கொண்டாள் என்று நினைத்தாள்.

முதலில் கெட்டுப்போனது வேலையில்லை, சாப்பாட்டு வேளை.

வாசல் அறை தாண்டி ஒரு நடை, நடை தாண்டி ஒரு படுக்கும் அறை, அதையும் தாண்டிக் கோடியில் சமையலறை. இரண்டு பேர் இருந்தபோது அந்தத் தூரம் தூரமாகவே தெரியவில்லை. சின்னவள் அங்கிருந்து பேசுவாள், இவள் இங்கிருந்து உம் கொட்டுவாள். சொட்டுகிற குழாய் மாதிரி ஓயாத பேச்சு. வாயை மூடித் தொலையேன் என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். இப்போது குழாய் நின்றுவிட்டது. சமையலறையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே சுவர். தான் மெல்லுகிற சத்தம் தன் காதிலேயே விழுந்தது. ஒரு ஆளுக்கு அளந்து போடக் கை பழகவில்லை, தினமும் மிஞ்சியது. மிஞ்சியதைப் பார்க்கப் பார்க்க வயிறு நிறைந்துவிடும்.

ஒருநாள் அடுப்பைத் தூக்கினாள், சிலிண்டரை உருட்டினாள், வாசல் அறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். எங்கே வைப்பது என்று பார்த்தாள். லேத்துக்கு எதிரே சின்னவளின் முக்காலி சும்மா நின்றது. அதை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அடுப்பை வைத்தாள். குக்கர் ஒரு பக்கம் உஸ் என்று இரையும், லேத் ஒரு பக்கம் உறுமும். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தால் வீட்டில் ஆள் இருப்பது போல ஒரு எண்ணம். கடைந்துகொண்டே சாப்பிடுவாள், சாப்பிட்டுக்கொண்டே கடைவாள்.

தெருப்பக்க ஜன்னலையும் சாத்திவிட்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தங்கச்சி வந்துச்சா, எப்ப வருது, அவர் நல்லா வெச்சிக்கிறாரா என்று கேட்டார்கள். நல்ல எண்ணத்தோடு கேட்டவர்கள்தான் பாதிப் பேர். பதில் சொல்லித்தான் அலுத்துவிட்டது.

புதுக்குடித்தனத்துக்கு ஒரு ஜோடிப் பேனா செய்து அனுப்புகிறேன் என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள். தேக்கில் நல்ல ரேகை ஓடிய துண்டாகப் பொறுக்கி, இரண்டையும் ஒரே துண்டில் அடுத்தடுத்து எடுத்து, ஒன்றின் ரேகை முடிகிற இடத்தில் மற்றதன் ரேகை தொடங்குகிற மாதிரி கடைந்தாள். அப்படிக் கடைவது லேசில்லை. பூச்சுப் போட்டபோதுதான் லேசாக ஒரு மங்கல் தெரிந்தது. கண்ணாடிமேல் மூச்சு விட்ட மாதிரி. மெழுகை இரண்டு கை கூடுதலாகப் போட்டுத் தேய்த்தாள், மங்கல் மறைந்தது. அதுதான் மறைந்துவிட்டதே என்று அண்ணன் மனைவி கையில் கொடுத்தனுப்பினாள். பட்டறை அண்ணனின் மனைவிக்கு அந்த ஊரில்தான் அம்மா வீடு; மாதம் ஒருமுறை போய்வருவாள்.

அதற்குப் பின்னால் மங்கல் மறையவில்லை. வெள்ளையாகவே பூத்தது. கறுத்த மரத்தில் சாம்பல் தூவியது போலவும், தேக்கில் மாவு ஒட்டியது போலவும் திட்டுத் திட்டாக வந்தது. அவசரம் ஒரு டப்பா முழுவதையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"என்னம்மா இது, பேனாவுக்குப் பூசணம் பிடிச்சிருக்கு?"

"பசை சரியில்ல போலிருக்கு."

"போலிருக்குன்னு சொல்லி நான் விக்க முடியுமா? பாக்கறவன் எல்லாம் நகத்தால சுரண்டிப் பாக்கறான். தங்கச்சி இருந்தப்ப இப்படி வந்ததில்ல."

கடைசி வார்த்தையை அவர் யோசித்துச் சொல்லவில்லை. அவசரத்தில் சொன்னார். அது போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்தது.

பசை பழசு என்று புதுப் புட்டி வாங்கினாள். அன்றைக்கென்று சிலிண்டர் தீர்ந்து, கடையில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டு வேலை செய்தாள். பேனா பளிங்கு மாதிரி வந்தது. அப்பாடா, குற்றவாளி பழைய புட்டிதான் என்று அதைத் தெருக்கோடித் தொட்டியில் வீசினாள். மறுநாள் சிலிண்டர் வந்தது, சோறு வெந்தது, புதுப் புட்டியிலும் வெள்ளை பூத்தது. புதுசும் மோசம் என்று அதையும் வீசினாள். காகிதத்தில் பஞ்சு இருக்கிறது என்று பழைய வேட்டித் துணியைக் கிழித்துப் பூசினாள். துணி பேனாவோடு ஒட்டிக்கொண்டு சுற்றியதுதான் மிச்சம். தேக்கில் எண்ணெய் உண்டு, அது பசையைப் பிடிக்கவிடாது என்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். மரம் பச்சையோ என்று பரண்மேல் காயவைத்தாள். பூச்சைக் கனமாகப் போட்டாள், மெலிசாகப் போட்டாள். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. எப்போதும் வராமலிருந்தால் கையை உதறிவிட்டுப் போய்விடலாம். வந்து வந்து கெடுத்ததுதான் அவளை வதைத்தது.

பூச்சு கெட்டால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் போடலாம். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் மரம் கொஞ்சம் போகும். நாலு தரம் தேய்த்தால் உள்ளே பித்தளை எட்டிப் பார்க்கும். அப்படிப் பல்லிளித்த பேனாக்கள் மேசையடியில் ஒரு கூடை சேர்ந்தன.

தங்கை போன் செய்வாள். எப்படிக்கா இருக்க என்பாள். எனக்கென்ன குறைச்சல் என்பாள் பெரியவள். வேலை எப்படி என்பாள். ஓடுது என்பாள். கேட்டிருக்கலாம், ஒரே வார்த்தைதான். கேட்கவில்லை. பெரிய தேவரகசியம் என்று சொன்ன வாய் அல்லவா.

அப்புறம் ஒருநாள் அண்ணன் மனைவி வந்தாள். அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பிய கையோடு வந்தாள் என்றாலே வாய்நிறையச் சேதி இருக்கிறது என்று பொருள். காப்பியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"சொல்லக்கூடாதுன்னுதான் நினைச்சேன்."

"அப்ப சொல்லாதீங்க அண்ணி."

"நீ வேற யார் வாய்லயாவது கேட்டுட்டு என்னத் திட்டுவ. நீ குடுத்த பேனா இருக்கே, ரெண்டும் வெள்ளையாப் பூத்துப்போச்சாம். அந்த மனுஷன் காதுல செருகிக்கிட்டே டியூட்டிக்குப் போறாரு. கூட வேல பாக்கறவங்க எல்லாம் கேக்கறாங்களாம், என்னய்யா காதுல சாக்பீஸான்னு."

பெரியவள் மேசையடிக் கூடையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினாள்.

"அத விடு. அவர் தங்கச்சி ஒருத்தி இருக்காளே, மூக்கால பேசறவ. நாலு பேர் இருக்கிற சபையில சொல்லியிருக்கா, அக்காக்காரி வயித்தெரிச்சல்தான் பேனாவுல பூத்திருக்குன்னு."

"சின்னவ என்ன சொன்னா?"

"அவ எங்க, உள்ள இருந்தா. காதுல விழுந்துச்சோ என்னவோ. ஒண்ணும் பேசலியாம்."

அண்ணி போன பிறகு பெரியவள் லேத்தைப் போடவில்லை. ஒண்ணும் பேசலியாம் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. நாத்தனார் ஆயிரம் சொல்வாள், நாக்குக்கு எலும்பு கிடையாது. சின்னவளும் அப்படி நினைத்துவிட்டால்? கூடப்பிறந்தவள் மனசார வாழ்த்தவில்லை, எரிந்துகொண்டே செய்தனுப்பினாள் என்று அந்த வீட்டில் அவள் தினமும் அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தால்?

அதைவிடக் கொடுமை இன்னொன்று. எரிச்சல் இல்லை என்று தன்னிடமே அவளால் சத்தியம் செய்ய முடியவில்லை. அந்த ஜோடியைக் கடைந்தபோது என்ன நினைத்தாள்? ரேகை சேரவேண்டும் என்று நினைத்தாள். நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தாள். உன்னால் எப்படிப் போக முடிந்தது என்றும் நினைத்தாள். இத்தனையும் ஒரே கைவழியாகத்தானே மரத்துக்குள் இறங்கின. பசையையும் காகிதத்தையும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது. மாறாமல் இருந்தது அவள் மட்டும்தான். பித்துப் பிடித்தவள் போலக் கையை முகர்ந்து பார்த்தாள். சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அந்த ஜோடியை எடுத்த தேக்குத் துண்டின் மிச்சம் ஒன்று பரணில் இருந்தது. சரியாக ஒரு ஜோடிக்குத்தான் வரும். அதை எடுத்துக் கடைந்தாள். பூத்துப்போனதற்குப் பதிலாக இதை அனுப்பினால் எவள் வாயும் திறக்காது. கடைந்து முடித்தபின் பூச்சுப் போடப் பயந்து அப்படியே வைத்தாள். வெறும் மரமாக இரண்டும் மேசையில் கிடந்தன. சாப்பிடும்போது பார்ப்பாள், படுக்கப் போகும்போது பார்ப்பாள். இதுவும் பூத்தால் நாத்தனார் சொன்னது மெய் என்று ஆகிவிடும், ஊருக்கு இல்லாவிட்டாலும் அவளுக்கு.

ஒரு மதியம், குக்கரை ஏற்றிவிட்டு, மனசு மாறுவதற்குள் போனை எடுத்துப் போட்டுவிட்டாள்.

"என்னக்கா, நீயா பண்ற? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"உடம்புக்கென்ன. ஒரு விஷயம் கேக்கணும்." மேசையில் கிடந்த வெறும் மரத்தை விரலால் உருட்டினாள். "மெருகு வெள்ளையாப் பூக்குதுடி."

எதிர்முனையில் சிரிப்பு வரும், சொன்னேனே என்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"திட்டுத் திட்டாவா, இல்ல முழுசா மூடின மாதிரியா?"

"ரெண்டும்தான்."

"ஸ்பிரிட்ல துடைச்சியா?"

"துடைச்சேன்."

"ஒரு பூச்சு காயறதுக்குள்ள அடுத்தது போடறியோ?"

"என்னைப் பார்த்தா அவசரம் மாதிரியா இருக்கு? காயவிட்டுத்தான் போடறேன்."

"துணியில ஈரம் இருக்கா? காகிதம்..."

அப்போது குக்கர் விசில் அடித்தது. நீளமாக, ஆவேசமாக அடித்தது. பெரியவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அக்கா, நீ எங்கேருந்து பேசற?"

"எங்கேருந்து பேசுவேன், வீட்லேருந்துதான்."

"சமையல்கட்டுலதான் போனுக்கு சிக்னல் கிடைக்காதே. எப்பவும் நடைக்கு வந்துதான பேசணும்."

"வாசல் ரூம்லதான் இருக்கேன்."

"குக்கர் உன் காதுகிட்ட அடிக்குது."

பெரியவள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது விசில் அடித்தது.

"அடுப்ப லேத்துகிட்டக் கொண்டு வந்துட்டியா?"

"ம்."

"ஜன்னலு?"

"சாத்தித்தான் இருக்கு."

"அதான்க்கா, அந்தப் பசைக்கு ஆவி ஆகாது. ஆவி அடிச்சா அது பால் மாதிரி வெளுத்துடும். மெருகு போடற அன்னிக்கு நான் விடியறதுக்கு முன்னாடியே சமைச்சு இறக்கி வெச்சிடுவேனே, ஏன்னு நினைச்ச?"

"சோம்பேறித்தனம்னு நினைச்சேன்."

"விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கறது சோம்பேறித்தனமா?"

"மத்தியானம் அடுப்பு பத்த வைக்க உடம்பு வணங்காம காலையிலயே முடிச்சிடறன்னு நினைச்சேன்டி. எத்தன நாள் ஆறின சோத்தத் தின்னுட்டுத் திட்டியிருக்கேன்."

"திட்டினது எல்லாம் ஞாபகம் இருக்கு," என்றாள் சின்னவள். இப்போதுதான் சிரித்தாள். கோடியில் இருந்த சமையலறை ஆவியே வாசல் அறைக்கு வந்துவிடுமோ என்று பயந்தவள் அவள். இவள் அடுப்பையே கொண்டுவந்து மடியில் வைத்திருக்கிறாள்.

சிரிப்பு ஓய்ந்தது. பிறகு சின்னவள் கேட்டாள், மெதுவாக, "அடுப்ப எதுக்குக்கா அங்க கொண்டு வந்த?"

இதற்குப் பெரியவளிடம் பதில் இருந்தது. சொல்லக்கூடிய பதில் இல்லை. "நடந்து நடந்து கால் வலிக்குது" என்றாள்.

"ஓ," என்றாள் சின்னவள். அவளுக்கு அந்த வீட்டின் நடை எவ்வளவு நீளம் என்று தெரியும். நம்பினாள் என்று சொல்ல முடியாது. மறுத்தும் கேட்கவில்லை. "எனக்கு அனுப்பினதும் இப்படித்தான் பூத்துச்சா? மெழுகு வெச்சு அமுக்கினியா?"

"அமுக்கினேன்."

"அதான். கைப்பட்டு மெழுகு போனதும் வெளிய வந்துடுச்சு. சரி, புதுசு ஏதாவது செஞ்சா அனுப்பாத. நாங்களே வந்து எடுத்துக்கறோம்."

அன்று சாயங்காலமே அடுப்பு நடை வழியாகத் திரும்பிப் போனது. வரும்போது இருந்த கனத்தைவிடப் போகும்போது கனம். சமையலறையில் அதன் பழைய இடத்தில் தூசி ஒரு சதுரமாகப் படிந்திருந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். வாசல் ஜன்னலைத் திறந்தாள். திறந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் எதிர்வீட்டுத் தையல்காரம்மா கம்பிக்கு வந்துவிட்டாள்.

"என்ன, ஜன்னல் திறந்திருக்கு. தங்கச்சி வருதா?"

"வருது."

"எப்ப?"

"வரும்போது சொல்றேன், சட்டை தைச்சு வைங்க."

மறுநாள் அடுப்புப் பற்றவைக்காமல் அந்த ஜோடிக்குப் பூச்சுப் போட்டாள். முதல் பூச்சு. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், தெளிவாக இருந்தது. நம்பாமல் அடுத்தது போட்டாள். அதுவும் தெளிவு. கடைசிவரை மரம் தண்ணீருக்குள் கிடந்தது. மெழுகைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்குத்தான் வைத்தாள். ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. பூத்தது ஆவி, சரி. எரிச்சல் பூக்கவில்லை என்பதுதான் தெளிவாயிற்று. எரிச்சலே இல்லை என்று ஆகிவிடவில்லையே.

அவர்கள் ஒரு விடுமுறை நாளில் வந்தார்கள். கண்டக்டர் காதில் வெள்ளைப் பேனா அப்படியே இருந்தது.

"அத எடுத்துப் போடுங்க தம்பி, பாக்க முடியல."

"நல்லாத்தான்க்கா எழுதுது. டிப்போவுல பத்துப் பேர் பேனா ஒரே மாதிரி, யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு தெரியாது. இத எவனும் தொடமாட்டான்."

சின்னவள் புது ஜோடியை எடுத்து ஜன்னலுக்குப் போனாள். திருப்பினாள், சாய்த்தாள், நகத்தை ஓட்டினாள். ஒன்றில் கிளிப்புக்குக் கீழே நிறுத்தினாள்.

"இங்க ஒரு பள்ளம் விட்டுட்ட. உப்புத்தாள் படல."

"எங்க?"

"கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்."

யாரும் சொல்லாமலே மூலையில் கிடந்த தன் முக்காலியை இழுத்து, லேத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். மேசையில் இருந்த உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்தாள். கண்டக்டர் எழுந்து, தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை. நல்ல மனுஷன்.

பெரியவள் அவள் விரல்கள் தேய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"உன் நாத்தனார் சொன்னது பொய்யில்லடி."

"என்ன சொன்னா?"

"வயித்தெரிச்சல்னு. நீ போனது எனக்கு எரிஞ்சுதான் போச்சு. இப்பவும் எரியுது."

சின்னவள் கை நிற்கவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"போற அன்னிக்குப் பெட்டிய நீதான தூக்கிக் குடுத்த. பெட்டி தொப்புனு என் கால்மேல விழுந்துச்சு. தெரியாம விழுந்ததா அது?" பேனாவை ஊதித் தூசியைத் தட்டினாள். "நாத்தனார்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். எங்க அக்காவுக்குக் கோவம் வந்தா கோணலாக் கடைவா, இல்லன்னா கடையவே மாட்டா. ரேகைக்கு ரேகை சேத்துக் கடைஞ்சிருக்கா பாருங்கன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டினேன். வெள்ளைக்குள்ளயும் ரேகை தெரிஞ்சுது. அவ மூக்க உறிஞ்சிக்கிட்டுப் போயிட்டா."

"நீ ஒண்ணும் பேசலன்னு அண்ணி சொன்னாங்களே."

"அண்ணி பாதி சொன்னா போதும்னு நினைச்சிருப்பாங்க. மீதியச் சொன்னா சேதி சப்புன்னு போயிடும்ல."

பெரியவள் எழுந்துபோய் லேத்தின்மேல் இருந்த மரச்சீவலைக் கூட்டினாள். கூட்ட அவ்வளவு சீவல் இல்லை. சின்னவள் தேய்த்து முடித்து, பள்ளத்தில் ஒரு சொட்டு விட்டு, மறுபடி தேய்த்து, மெழுகு காட்டினாள். ஓயாமல் பேசுகிறவள் அன்றைக்குப் பார்த்துப் பேசவில்லை.

மாலை பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். ஜோடியைச் சின்னவள் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வெள்ளைப் பேனாவைக் கண்டக்டர் கழற்றித் தரவில்லை. இருக்கட்டும்க்கா, ராசியான பேனா என்றார். அடுத்த முறை எப்போது என்று பெரியவள் கேட்கவில்லை, சின்னவளும் சொல்லவில்லை. டிப்போவில் லீவு கிடைப்பது குதிரைக் கொம்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும். பஸ் திரும்புகிறவரை நின்றுவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து சமையலறைக்குப் போனாள். ஒரு ஆளுக்கு அளந்து போட்டாள், இந்த முறை அளவு சரியாக வந்தது. வெந்ததும் தட்டில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சாப்பாடு சூடாகத்தான் இருந்தது. பேச ஆள் இல்லாததால் சீக்கிரம் தீர்ந்துவிட்டது.